மல்கியா மூன்றில் வாசிக்கப்படாத வசனம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். மறுநாள் காலை, முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளிலிருந்து சபைக்குக் கிளம்புகிற டெய்லர்களும் செக்கிங் பெண்களும் அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கைக் காணிக்கைக் கவரில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். கவர் எடுக்கும் நேரத்தில் மல்கியா மூன்றாம் அதிகாரத்தின் பத்தாம் வசனம் வரும். தசமபாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் வானம் திறந்து, இடம்கொள்ளாத அளவு ஆசீர்வாதம் கொட்டும் என்று வாக்களிக்கிற வசனம் அது. போதகர் பாதி சொல்லி நிறுத்தினால் மீதியைச் சபையே சொல்லி முடிக்கும். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இந்த அளவு மனப்பாடமான பழைய ஏற்பாட்டு வசனங்கள் குறைவு.

அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை இப்படிச் சொல்லக்கூடியவர்களைக் காண்பது அரிது. கூலிக்காரனின் கூலியில் அநியாயம் செய்கிறவர்கள், விதவையையும் தகப்பனில்லாத பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், வெளியூரிலிருந்து வந்தவனுக்கு நியாயம் மறுக்கிறவர்கள் ஆகியோருக்கு எதிராகத் தானே வேகமாக வந்து சாட்சி சொல்லப்போவதாகக் கடவுள் அங்கே அறிவிக்கிறார். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே நான்கு வசனங்கள்தான் இருக்கின்றன. கண் ஒருமுறை பக்கத்தில் இறங்கினால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

இன்றைய பிரசங்கங்களில் வேதம் இல்லை என்ற புலம்பல் புதியதல்ல. கதையும் சிரிப்பும் கூடிவிட்டன, சத்தம் கூடிவிட்டது, சொல்லுக்குச் சொல் அல்லேலூயா போடச் சொல்கிறார்கள் என்று மூத்த விசுவாசிகள் வருத்தப்படுகிறார்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் அது பெரும்பாலும் ரசனையைப் பற்றிய வருத்தமாகவும், போதகரின் படிப்பைப் பற்றிய வருத்தமாகவும் நின்றுவிடுகிறது. பிரசங்கத்திலிருந்து வேதம் வெளியேறும்போது யாரோ ஒருவருக்குச் சேரவேண்டியதும் சேர்ந்தே வெளியேறுகிறது. உழைக்கிறவரிடம் பத்தில் ஒன்றைக் கேட்கிற வசனத்தை வாரம்தோறும் வாசித்துவிட்டு, அவருடைய கூலிக்காகக் கடவுளே சாட்சிக் கூண்டில் ஏறுகிற வசனத்தை ஆண்டுக்கணக்கில் வாசிக்காமல் விட்டால், அந்தச் சபை ஒரு நல்ல பேச்சைத் தவறவிட்டதோடு முடியவில்லை. அந்த உழைப்பாளிக்கு அங்கே அநீதி நடந்திருக்கிறது. இது அறம் சார்ந்த கேள்வி.

வாக்குத்தத்த அட்டையைப் பார்ப்போம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருஷம் பிறந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. பின்னணியில் சூரிய உதயம் அல்லது ரோஜா, நடுவில் ஒரே ஒரு வசனம், அடியில் சபையின் பெயரும் கைபேசி எண்ணும் ஆராதனை நேரங்களும். வருஷம் முழுக்க அது பீரோக் கதவில் ஒட்டியிருக்கும், பவர் மிஷின் தலையில் செல்லோடேப்பால் ஒட்டியிருக்கும். இந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29-இன் பதினோராம் வசனம். கடவுள் உங்களைக் குறித்து வைத்திருக்கும் எண்ணம் நன்மைக்கானது, தீமைக்கானதல்ல என்று அது ஆறுதல் சொல்கிறது.

அந்த அதிகாரம் ஒரு கடிதம். சொந்த ஊரிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது. போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊரின் நலனைத் தேடுங்கள், அது நன்றாயிருந்தால்தான் நீங்களும் நன்றாயிருப்பீர்கள் என்கிறது கடிதம். பிறகு ஓர் எச்சரிக்கை வருகிறது. உங்கள் நடுவிலிருக்கும் தீர்க்கதரிசிகள் உங்களை ஏமாற்ற இடம்கொடாதீர்கள், நான் அனுப்பாமலே என் பெயரால் பொய் சொல்கிறார்கள் என்கிறார் கடவுள். அதற்கடுத்து எழுபது வருஷக் கணக்கு வருகிறது. அட்டையில் இருக்கும் வசனம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருமே திரும்பிப் போகாமல் அங்கேயே செத்திருப்பார்கள். நன்மை அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லப்பட்டது.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில், ஜனங்கள் முன்னால் அறிவிக்கிறார். எரேமியா முதலில் அதற்கு ஆமென் சொல்கிறார். அப்படியே நடந்தால் நல்லதுதானே என்ற ஏக்கம் அவருக்கும் இருந்தது. ஆனாலும் அது கடவுள் சொன்னதல்ல என்பதால் கடைசியில் அதைப் பொய் என்று சொல்லவேண்டி வருகிறது. இந்த வருஷமே கடன் தீரும், இந்த மாதமே வீடு அமையும் என்று மேடையிலிருந்து தேதி குறிக்கிறவர்கள் அனனியாவின் வரிசையில் நின்றுகொண்டு எரேமியாவின் வசனத்தை அட்டையில் அச்சிடுகிறார்கள்.

உசிலம்பட்டியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைப்புக்கு வந்து, பத்துக்குப் பத்து அறையில் அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த முழுக் கடிதத்தைவிட நெருக்கமான பகுதி வேதத்தில் வேறெது? வந்த ஊரில் வேர் விடலாமா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, இந்த ஊர் நம்முடையதா என்ற அவர்களுடைய தினசரிக் கேள்விகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. கடிதத்திலிருந்து ஒரு வரியை வெட்டியெடுத்துக் கொடுத்தவர் அவர்களுக்கு வந்த கடிதத்தை அவர்களிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது கனமானது, அவசரமாகத் தள்ளிவிடக் கூடாதது. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மூச்சுவிடும் நேரம். அவளை உட்காரவைத்து பாபிலோன் சரித்திரம் நடத்துவது இரக்கமா? ஒரு வசனம் அவளை அந்த வாரம் முழுக்கத் தாங்கிப் பிடித்தால் அதில் என்ன குற்றம்? மேலும் பல சிறிய சபைகளின் போதகர்களே வாரநாட்களில் கம்பெனிக்கோ வேறு வேலைக்கோ போகிறவர்கள். இறையியல் கல்லூரியின் வாசலை மிதித்திராதவர்கள். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கூட வருவதும், சாவு வீட்டில் முதலில் வந்து நிற்பதும் அவர்கள்தான். அவர்களிடம் வேத வியாக்கியானம் எங்கே என்று கேட்பது வசதியுள்ளவர்களின் கேள்வி என்று தோன்றலாம்.

அந்தப் போதகர்களின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் இந்த மறுப்பு உழைக்கிறவர்களின் புத்தியைக் குறைத்து மதிப்பிடுகிறது. ஓவர்லாக் மிஷினில் நூல் எங்கே அறுகிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவருக்கு, ஒரு கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பது புரியாமல் போகாது. வேதத்தை விவசாயிகளும் மேய்ப்பர்களும் மீனவர்களும் அடிமைகளும்தான் முதலில் கேட்டார்கள். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் எருசலேமின் தண்ணீர் வாசல் முன் விடியற்காலையிலிருந்து நடுப்பகல்வரை நின்று கேட்டார்கள். வாசித்தவர்கள் பொருள் விளங்கும்படி வாசித்தார்கள் என்று அந்தப் புத்தகம் குறித்து வைக்கிறது. கேட்டவர்கள் அழுதார்கள். களைத்தவர்களுக்கு வேதம் பாரம் என்ற எண்ணத்தை அந்த அதிகாரம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறுதலின் தரத்தையும் பார்க்கவேண்டும். குறித்த வருஷத்தில் கடன் தீராதபோது, அறிவித்தவர் பெரும்பாலும் தன் அறிவிப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டவர்தான் தன் விசுவாசம் போதவில்லை என்று நொந்துகொள்கிறார். யோபுவின் சிநேகிதர்கள் செய்தது இதையேதான். உன் கஷ்டத்துக்கு உன்னிடம்தான் காரணம் இருக்கவேண்டும் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் வந்தது. விசுவாசித்தால் பணமும் வசதியும் வரும் என்கிற இந்தச் செழிப்பு உபதேசத்தை மறுக்க வேறெங்கும் போகவேண்டியதில்லை. 2010-இல் கேப்டவுனில் கூடிய, உலகச் சுவிசேஷச் சபையாரின் லோசான் மாநாட்டின் அறிக்கையும் அந்த உபதேசத்தின் தவறுகளை எடுத்துச் சொன்னது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யோபு புத்தகம் தீர்ப்பு எழுதிவிட்டது.

வழிபாட்டு ஒழுங்கு உள்ள சபைகள் இதிலிருந்து தப்பித்தவை என்று எண்ணிவிடக் கூடாது. கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன, பங்குத்தந்தை தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் 2024 செப்டம்பர் 29 அன்று, வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்லும் யாக்கோபு ஐந்தாம் அதிகாரப் பகுதி வாசகமாக வந்தது. 2025 செப்டம்பர் 21 அன்று ஏழைகளை மிதித்துக் கள்ளத் தராசு பிடிக்கிறவர்களைச் சாடும் ஆமோஸ் எட்டாம் அதிகாரம் வந்தது. இது பெரிய பாதுகாப்பு. தென்னிந்தியத் திருச்சபையிலும் ஞாயிறுதோறும் குறிக்கப்பட்ட பாடங்கள் உண்டு. ஆனால் வாசிப்பு முடிந்து, மறையுரையோ பிரசங்கமோ கட்டட நிதிக்கும் திருவிழா ஏற்பாட்டுக்கும் நழுவிப் போனால், வாசித்த பகுதி யாருக்கும் எட்டாமலே காற்றில் கரைகிறது.

ஆமோஸைப் பற்றி இன்னொன்று. பிரசங்கங்களில் வேதமில்லை என்று குறைப்படுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக் காட்டுவது அதே எட்டாம் அதிகாரத்தின் பதினோராம் வசனத்தை: அப்பத்துக்கல்ல, கடவுளின் வார்த்தையைக் கேட்பதற்கே பஞ்சம் வரும் என்பதை. அந்தப் பஞ்சம் ஏன் வருகிறது என்று ஆமோஸ் நாலாம் வசனத்திலிருந்தே சொல்லி வருகிறார். ஓய்வுநாள் எப்போது முடியும், கடை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்து, படியைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்கி, ஒரு ஜோடிச் செருப்புக்கு ஏழையை வாங்குகிறவர்களின் தேசத்துக்குத்தான் அந்தப் பஞ்சம். குறை சொல்கிறவர்களும் தங்களுக்கு வேண்டிய ஒரு வசனத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். பிரசங்க மேடையின் அதே பழக்கம் விமர்சகர்களுக்கும் தொற்றியிருக்கிறது.

வசனங்களின் எண்ணிக்கை கூடினால் பிரசங்கம் கனமாகிவிடும் என்பதும் சரியல்ல. ஒரே சொல் வருகிற இருபது வசனங்களைக் கோர்த்து, ஒவ்வொன்றுக்கும் சபையைப் பக்கம் புரட்ட வைத்து, ஒன்றையும் அதன் இடத்தில் நிறுத்திப் படிக்காத பிரசங்கங்கள் ஏராளம். ஓர் அதிகாரத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, அது போகிற பக்கமே தானும் போகிறவர்தான் தன் விருப்பத்தைவிட அந்த எழுத்துக்குக் கட்டுப்படுகிறார். அவருக்குப் பிடிக்காத வசனமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தே தீரும்.

பிடிக்காமல் போவதற்குக் காரணம் முன்வரிசையிலும் இருக்கலாம். திருப்பூர் போன்ற ஊரில் ஜாப்வொர்க் எடுத்து நடத்துகிற சிறு முதலாளியும் அவரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவரும் ஒரே சபையில் உட்கார வாய்ப்புண்டு. மின்விசிறியும் சவுண்ட் சிஸ்டமும் முதலாளி உபயமாக இருக்கலாம். ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது, ஆர்டர் முடிந்தபின் பீஸ் ரேட்டைக் குறைப்பது, காண்ட்ராக்டர் கைவிரிப்பது எல்லாம் இந்தத் தொழிலில் கேள்விப்படாதவை அல்ல. உபாகமம் 24, ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது, ஏனெனில் அவன் அதையே நம்பியிருக்கிறான். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டத்தில், கல்யாண வயதுப் பெண்களின் சம்பாத்தியத்தில் ஒரு பகுதி மூன்று வருஷம் கழித்து மொத்தமாகத் தருவதாக நிறுத்தி வைக்கப்பட்டது. உடம்பு முடியாமல் இடையில் போன பலருக்கு அது கிடைக்கவில்லை. பொழுது சாயுமுன் என்ற கட்டளைக்கும் மூன்று வருஷத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு போதகர் சொல்லவேண்டாமா? சொன்னால் முன்வரிசை காலியாகலாம். அந்தப் பயம் நிஜமானது, சிறிய சபையின் வாடகையே அதில் அடங்கியிருக்கும். ஆனால் சொல்லாமல் விட்டால் முதலாளிக்கும் நன்மை செய்ததாகாது. மனந்திரும்ப அவருக்கு இருந்த வாய்ப்பும் சேர்ந்தே மறைக்கப்படுகிறது.

தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டு, பள்ளிகளையும் தொடங்கி, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். மொழிபெயர்ப்பும் பள்ளியும் ஒன்றாகப் போனதில் ஒரு நோக்கம் இருந்தது: போதகர் சொல்வதைக் கேட்கிறவர் தானே எடுத்து வாசித்துப் பார்க்கவேண்டும். பிற்காலத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில், நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் செய்தார். கூலிக்காரர்களின் பேச்சிலும் தாளத்திலும் வேதத்தின் கனம் குறையாமல் நிற்கும் என்பதற்கு அவருடைய வேலை சான்று.

இனிச் செய்யவேண்டியது பிரசங்கத்தைக் கேட்கிறவர்களிடமும் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழில் பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் தேடிச் சரிபார்த்தார்கள், அதற்காக லூக்கா அவர்களை மெச்சுகிறார். இங்கே ஒரு டெய்லர், பாஸ்டர், அந்த வசனத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், கடவுளின் அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்ற பதில் வரக்கூடும். அது சங்கீதம் 105-இலிருந்து எடுக்கிற பதில். அந்தச் சங்கீதத்தில் அந்த வார்த்தைகளுக்கு மேலே, சொற்பப் பேராய், சொந்த நிலமில்லாமல், ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அலைந்து திரிந்த சில குடும்பங்கள் வருகின்றன. அவர்களைத் தொடாதபடிக்குக் கடவுள் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது.