பழகுதல் பற்றி

வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த நர்ஸிடம் எல்லோரும் சொல்கிற வார்த்தை 'பழகிவிடும்' என்பது. வீட்டில் அம்மா சொல்கிறாள், வார்டில் மூத்த சிஸ்டர் சொல்கிறார், சில சமயம் வலியில் கிடக்கும் நோயாளியே சொல்லிவிடுகிறார். ஆறுதலாகச் சொல்லப்படும் இந்த வார்த்தைக்குள் ஒரு மிரட்டலும் இருக்கிறது. ரத்தமும் மலமும் இரவு விழிப்பும் பழகிவிடும், சரி. அடுத்தவர் வலியும் பழகிவிடுமா, பழகலாமா?

தமிழில் இந்தச் சொல் விசித்திரமானது. வீணை பழகுகிறோம், கெட்டது பழகிப்போகிறது, பக்கத்து வீட்டுக்காரரோடு பழகுகிறோம். தேர்ச்சிக்கும் மரத்துப்போதலுக்கும் நெருக்கத்துக்கும் ஒரே வினைதான். ஒரு நர்ஸின் முதல் வருஷத்தில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று அவளாலேயே சொல்ல முடிவதில்லை.

நவீன இலக்கியம் படித்தவர்களுக்குப் பழக்கத்தின்மேல் ஒரு தீராப் பகை உண்டு. ரஷ்ய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கியின் 1917-ஆம் வருஷக் கட்டுரைக்குப் பிறகு அது ஏறக்குறைய மதமாகவே ஆகிவிட்டது. பழகிப்போன பொருளை நாம் பார்ப்பதேயில்லை, அதை அன்னியமாக்கி மறுபடி பார்க்கவைப்பதே கலையின் காரியம் என்பது அவர் வாதம். கவிதைக்கு இது பொருந்தும். ஆனால் இந்த மாதிரிப் பக்கங்களில் நாம் இதை ஒரு வாழ்க்கைநெறியாகவே நீட்டிவிடுகிறோம்: யந்திரகதியில் நடப்பது பொய், திடுக்கிட்டுப் பிறக்கும் உணர்ச்சி நிஜம். சர்க்கரை வியாதியில் அழுகிய பாதத்துக்குத் தினமும் கட்டு மாற்றுகிறவளுக்கு, அந்தப் புண் ஒவ்வொரு நாளும் முதல் தடவை பார்க்கும் புண்ணாகவே இருந்தால் கட்டு மாறாது. கை நடுங்கும். நடுங்கும் கையின் நிஜத்தை வைத்துக்கொண்டு நோயாளி என்ன செய்வது?

நான் வங்கிக் குமாஸ்தா. கேஷில் உட்கார்ந்த ஆரம்ப நாட்களில் நோட்டுக்கட்டு என் கையில் பணமாகத்தான் இருந்தது, பிறகு காகிதமாயிற்று. அப்படி ஆகாதவனைக் கேஷில் உட்காரவைப்பது ஆபத்து. பணத்தின்மேல் மரத்துப்போனவனை நாணயஸ்தன் என்கிறோம், உடம்பின்மேல் மரத்துப்போனவளைக் கல்நெஞ்சுக்காரி என்கிறோம். நோட்டு நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்கிற வித்தியாசம் இருக்கிறது. சிறிய வித்தியாசமல்ல அது.

என் சித்தி மகள் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. முதல் மாதங்களில் அவள் பேச்சு முழுக்கக் கையைப் பற்றியது. வயசானவர்களின் நரம்பு ஊசிக்கு வழுக்கி ஓடுவது, வென்ஃப்ளான் ஒரே குத்தில் போடக் கற்றுக்கொண்டது, ஷிப்ட் மாறும்போது சொல்லவேண்டியதில் எதாவது விட்டுப்போகுமோ என்ற பயத்தில் உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொள்வது. முதல் மரணத்துக்குப் பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு விடியற்காலை, இறந்துபோன ஒரு மூதாட்டியின் உடம்பிலிருந்து குழாய்களை எடுத்து, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையையும் கால் கட்டைவிரல்களையும் துணியால் கட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டுக் கேன்டீனுக்குப் போயிருக்கிறாள். "டீ நல்லா இருந்துச்சுண்ணே. அதுதான் பயமாயிருச்சு."

இந்த வாக்கியத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதிவிடலாம். எழுதினால் அந்த டீயில் அவளுடைய மனுஷத்தன்மை கரைந்துபோனதாகத்தான் எழுதுவோம். எனக்கு அதில் சம்மதமில்லை. அன்றைய பேச்சிலேயே வேறொன்றும் வந்தது. அந்த உடம்பைப் புரட்டுமுன் "பாட்டிம்மா, லேசாத் திருப்புறேன்" என்று சொல்லியிருக்கிறாள், உயிரில்லாதவளிடம். எதற்கு என்று கேட்டேன். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடு, நினைவு தப்பியவராக இருந்தாலும் சொல் என்பது, சேர்ந்த வாரத்திலேயே ஒரு மூத்த சிஸ்டர் போட்ட விதி. வாய்க்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மனசில் துக்கம் எதுவும் இல்லை என்று அவளே சொல்கிறாள்.

உணர்ச்சி இல்லாத இடத்தில் மரியாதை இருந்திருக்கிறது. இதைப் பாவனை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கருணையை உணர்ச்சியின் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்கள், அது வராத இரவுகளுக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள்? இரவு மூன்று மணிக்கு எட்டாவது தடவை கூப்பிடுகிற நோயாளியிடம் அன்பு சுரக்காது. சுரக்கவேண்டும் என்று கேட்க அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு உரிமையில்லை. படுக்கையில் கிடக்கும் எனக்கும் இல்லை. தொடுமுன் சொல் என்று கேட்க உரிமை இருக்கிறது.

ஆனால் இதே பழக்கம் மறுபக்கமும் திரும்பக்கூடியது. இஸபெல் மென்சீஸ் 1960-இல் வெளியிட்ட ஆய்வு, லண்டனில் ஒரு போதனை மருத்துவமனையின் நர்ஸுகளைப் பற்றியது. வேலையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொருத்தியும் பல நோயாளிகளுக்குச் சில காரியங்களை மட்டும் செய்து நகரும்படி அங்கே ஏற்பாடு. நோயாளியைப் படுக்கை எண்ணாலோ கெட்டுப்போன உறுப்பாலோ குறிப்பிடுவது வழக்கம். பார்வைக்கு நிர்வாக வசதி. உண்மையில் துன்பத்தின், மரணத்தின் அருகாமையிலிருந்து தப்பிக்க ஸ்தாபனமே கட்டிக்கொண்ட அரண் என்கிறார் மென்சீஸ். அரண் காப்பாற்றவுமில்லை. பயிற்சி மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சி முடியுமுன்பே விலகிப்போனார்கள்.

ஆக, 'பாட்டிம்மா'வும் பழக்கம், 'பன்னிரண்டாம் நம்பர்' என்பதும் பழக்கம். எது வாயில் வரும் என்பதை நெஞ்சின் ஈரம் தீர்மானிப்பதாக நாம் நம்புகிறோம். பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு. போதனை மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. சித்தி மகளின் வார்டு போதனை வார்டு அல்ல. அங்கே இரவில் 18 படுக்கைக்கு இரண்டு பேர். தொடுமுன் சொல்ல ஐந்து வினாடி ஆகும். நேரம் போதாதபோது முதலில் உதிர்வது ஊசியோ மாத்திரையோ அல்ல, அந்த வாக்கியம்தான். சார்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

வெள்ளுடைத் தேவதைகள் என்கிற பேச்சு எனக்குக் கசப்பதும் இதனால்தான். 2020 மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூத்தூவின. அதற்கு ஏறக்குறைய இரண்டரை வருஷம் முந்தி, 2017 நவம்பரில், தமிழக அரசு 2015-இல் ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸுகள் சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களுடைய மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். தேவதை என்று சொல்லிவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேசவேண்டியதில்லை, படுக்கைகளை எண்ணவேண்டியதில்லை. மரத்துப்போனால் மட்டும் அது அவளுடைய சொந்தக் குற்றமாகிவிடும்.

அடுத்த மாதம் சித்தி மகளின் வார்டுக்கு மூன்று புதுப் பெண்கள் வருகிறார்கள். விதி போட்ட அந்த மூத்த சிஸ்டர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். இனி இவள்தான் அதைச் சொல்லித்தரவேண்டும். சொல்லித்தருவதற்கென்று தனியாக நேரம் எதுவும் ஒதுக்கியிருக்கவில்லை. அந்த 18 படுக்கைகளுக்கு நடுவில்தான்.