உல்லாசப் பிரயாணமும் மனச்சாட்சியும்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் மனைவி மக்களோடு அறைவீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். பரீட்சை முடிந்ததும் ஒரு வாரம் அந்தமான் தீவுகளுக்குப் போய்வருவதாகத் திட்டம். “சாமி, ஏழு நாளைக்கும் எழுதி வச்சிருக்கோம். பார்த்து ஆசீர்வாதம் பண்ணுங்க. இவ்வளவு பணம் செலவழிச்சு ஊர் சுத்தப் போறது பாவமில்லையே?” என்று கேட்டார்.

காகிதத்தை வாங்கிப் படித்தேன். முதல் நாள் விமானம், செல்லுலார் ஜெயில். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரை ஹாவ்லாக், நீல் தீவுகள், கடற்கரை, கடல் குளிப்பு. ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாளுக்கு நேரே, “பாரடாங்: சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை” என்று தகப்பனார் எழுதியிருந்தார். அதன் பக்கத்தில் பையனுடைய கையெழுத்தில், “வழியில் ஜாரவா பார்க்கலாம்” என்று ஒரு வரி இருந்தது.

தகப்பனாருடைய கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். பையன் எழுதிய வரிக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. முன்பெல்லாம் விடுமுறைக்குக் கொடைக்கானலோடு திருப்தியடைந்த குடும்பங்கள் இப்போது கடல் கடந்தும் போவதால், அந்தப் பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, உல்லாசமாய்ப் பிரயாணம் போவது பாவமா? இல்லை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது பெரிய நூலில் இதைப் பற்றி விசாரிக்கும்போது, முற்காலத்துத் துறவிகள் சொல்லிவந்த ஒரு கதையை எடுத்துச் சொல்லுகிறார். அர்ச். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைச் சிலர் கண்டு இடறல் பட்டார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அருளப்பர் அவனை அம்பு எய்யச் சொன்னார். அவன் பலமுறை எய்தபின், “இப்படியே ஓயாமல் செய்துகொண்டிருக்க முடியுமா?” என்றார். “வில் முறிந்துபோகும்” என்றான் அவன். மனுஷனுடைய மனமும் அப்படித்தான் என்றாராம் அருளப்பர். ஆனபடியால் வருஷமெல்லாம் உழைத்த தகப்பனும், அடுப்பங்கரையை விட்டு அசையாத தாயும் பிள்ளைகளோடு ஒரு வாரம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில் குற்றமில்லை. கடன் வாங்கிப் போகாதீர்கள். வேலைக்காரியின் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவ்வளவே. அங்கே 1984-ம் வருஷம் முதல் தனி மேற்றிராசனமே இருக்கிறது. ஆகையால் ஞாயிறு பூசைக்குக் கோவில் கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது.

கப்பலில் போகலாமா என்று அந்த அம்மாள் கேட்டார்கள். சென்னையிலிருந்து கப்பல் போய்ச்சேர ஏறக்குறைய மூன்று நாள் பிடிக்கும். போக மூன்று, வர மூன்று என்றால் ஒரு வார விடுமுறையில் தீவுக்கு மிஞ்சுவது ஒரே நாள். விமானமோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில்தான் இறங்கவேண்டும். அங்கேயுள்ள செல்லுலார் ஜெயிலைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையில் ஏறக்குறைய 700 அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கைதி. ஒருவன் முகத்தை மற்றொருவன் காணாதபடி கட்டப்பட்டது. ஏழு வரிசைகளில் மூன்றே இன்று நிற்கின்றன. இப்படிப்பட்ட காட்சியைப் பார்த்துவரும் பிள்ளை சுதந்திரம் என்ற வார்த்தையை இலேசாக உச்சரிக்காது.

இனி ஆறாம் நாளுக்கு வருவோம். பாரடாங்குக்குப் போகும் தரைவழி, ஜிர்க்காடாங் என்ற காவல் சாவடியைத் தாண்டியதும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம் அடர்ந்த காட்டுக்குள் போகிறது. அந்தக் காடு ஜாரவா என்னும் பூர்வகுடிகளின் வீடு. 2011-ம் வருஷக் குடிக்கணக்கின்படி அவர்கள் 380 பேர். நம் பங்கின் ஒரு தெருவில் இருப்பதைவிடக் குறைவு! வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேன் எடுத்தும் பிழைக்கிறார்கள். வெளியாரை அண்டவிடாமல் இருந்தவர்கள், 1997-ம் வருஷக் கடைசியில் தாங்களாகவே காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களுக்குள் அம்மை நோய் பரவிற்று. நம் பிள்ளைகளுக்குச் சில நாள் காய்ச்சலோடு போய்விடுகிற மணல்வாரி அம்மை, அதை ஒருபோதும் கண்டிராத அவர்கள் உடம்புக்குப் பெரும் ஆபத்து.

இது வீண்பயமா? அதே தீவுகளில் கிரேட் அந்தமானியர் என்ற மற்றொரு ஜனம் இருந்தது. 1858-ல் ஆங்கிலேயர் கைதிகளைக் குடியேற்றியபோது அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877-ல் வந்த அம்மையும், வெளியார் கொண்டுவந்த மற்ற நோய்களும் சேர்ந்து அவர்களை வாரிக்கொண்டு போயின. இன்று எஞ்சியிருப்பவர் ஏறக்குறைய ஐம்பது பேர். அவர்களில் போவா என்ற மூதாட்டி 2010-ம் வருஷம் ஜனவரி மாதம் இறந்தபோது, ‘போ’ என்ற பாஷையைப் பேச உலகத்தில் ஒருவரும் இல்லாமற்போயிற்று. தன் தாய்மொழியில் மறுமொழி சொல்ல ஒரு ஆள் இல்லாமல் ஒருத்தி வருஷக்கணக்காய் வாழ்ந்து இறந்தாள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஆனதுபற்றியே, ஜாரவா காட்டினூடே செல்லும் பகுதியில் அந்தச் சாலையை மூடவேண்டும் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனாலும் சாலை மூடப்படவில்லை. 2012-ல், தின்பண்டத்தைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச்சொல்லும் படம் ஒன்று இங்கிலாந்துப் பத்திரிகையின் வழியாய் வெளியாகி, நம் தேசமே தலைகுனிந்தது. பூர்வகுடிகளைப் பாதுகாக்கும் 1956-ம் வருஷச் சட்டம் அதே 2012-ல் கடுமையாக்கப்பட்டது. வாகனங்கள் போலீஸ் காவலோடு வரிசையாய்ப் போகவேண்டும், நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் கொடுக்கக்கூடாது.

“நாங்கள் அப்படியெல்லாம் செய்யமாட்டோமே, சாமி! சட்டம் அனுமதிக்கிற சாலை. பஸ்சுக்குள் உட்கார்ந்தபடி பார்க்கத்தானே போகிறோம்? பார்ப்பதில் என்ன தோஷம்?” என்று நீங்கள் கேட்பீர்கள்.

நியாயமான ஆட்சேபம். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். நான் குருப்பட்டம் பெற்ற சில வருஷங்களில், அத்தீவுகளின் வடபாகத்தில் வேலையாயிருந்த செமினரித் தோழர் ஒருவரைப் பார்க்க அதே சாலையில் போனேன். அதிகாலையில் சாவடியில் வாகனங்கள் வரிசையாய் நின்றன. காட்டுக்குள் அரை மணி நேரம் போயிருப்போம். “அதோ, அதோ!” என்று ஒருவர் கத்தினார். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்தார்கள். வெள்ளை அங்கி போட்டிருந்த நானும் இருக்கையை விட்டு எழுந்து, முன்னாலிருந்தவர் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினேன். சாலையோரம் ஒரு தாய், இடுப்பில் குழந்தை. எங்களைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையின் தலையைக் கையால் மூடினாள். பஸ் கடந்துவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அதை வெகு உற்சாகமாய் விவரித்தேன். என் தோழர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நம்ம ஊர்ல ஒரு வீட்டுக்குள்ள நுழையணும்னா என்ன செய்வோம்?” என்றார். “வாசல்ல நின்னு கனைப்போம், குரல் கொடுப்போம்” என்றேன். “அப்புறம்?” என்றார். “வாங்கன்னு சொன்னா உள்ளே போவோம்.” அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குக் குழம்பு ஊற்றினார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பிரியமானவர்களே, நம் பெற்றோர் நமக்குப் படிப்பித்த மரியாதை இது. எவ்வளவு ஏழையின் குடிசையானாலும், கதவே இல்லாத வீடானாலும், வெளியே நின்று குரல் கொடுப்போம். உள்ளே பெண்பிள்ளை தலைவாரிக்கொண்டிருக்கலாம். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கலாம். “வாங்க” என்ற சொல் வந்தபின்தான் படியேறுவோம். நம் தெருவில் ஒரு பஸ் நிறையப் பிற தேசத்தார் தினமும் நாலுமுறை வந்து, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம் தாயாரை வேடிக்கை பார்த்துப் போனால் பொறுப்போமா? “நாங்கள் ஒன்றும் எடுக்கவில்லையே, பார்த்தோம், அவ்வளவுதானே?” என்று அவர்கள் சொன்னால் நம் கோபம் தணியுமா?

அறிய விரும்புவது நல்லது என்கிறார் அர்ச். தோமாஸ். அந்த ஆவலை ஒழுங்காய் வைத்திருப்பதை அவர் மட்டசனம் என்னும் புண்ணியத்தின் கிளையாகவே வைக்கிறார். வாய்க்கு மட்டசனம் வேண்டும் என்று நமக்குத் தெரியும். கண்ணுக்கும் அது வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். பசிக்கிறது என்பதற்காக அடுத்தவன் சட்டியில் கை வைக்கமாட்டோம். பார்க்க ஆசையாயிருக்கிறது என்பதற்காக அடுத்தவன் வீட்டுக்குள் கண்ணை வைக்கலாமா? அந்த ஜனங்களைப் பற்றிப் புஸ்தகத்தில் படியுங்கள். போர்ட் பிளேரிலுள்ள மானிடவியல் மியூசியத்தில் அவர்கள் கைவேலையைப் பாருங்கள். அது அறிவு. ஒரு தாயை முகம் திருப்பவைத்துப் பார்ப்பதில் நமக்கு என்ன அறிவு வந்துவிடும்?

“அப்படியானால் அந்தச் சாலையில் போகிறவரெல்லாம் குற்றவாளிகளா?” என்று கேட்கலாம். அல்ல. மத்திய அந்தமானிலும் வட அந்தமானிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. நம் தமிழரும் அங்கே உண்டு. ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் வியாபாரத்துக்கும் அவர்களுக்கு அந்த வழி வேண்டியிருக்கிறது. ஒரே சாலை, ஒரே பஸ். ஆனாலும் நோயாளி மனைவியோடு போகிறவனுடைய காரியம் வேறு, வேடிக்கைக்காகப் போகிறவனுடைய காரியம் வேறு. செய்கையைச் சீர்தூக்குவதில் நோக்கமும் ஒரு பாதி என்று ஞானோபதேச வகுப்பில் நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவசியக்காரனுக்குள்ள நியாயத்தை உல்லாசக்காரன் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னும் சிலர், “அவர்களை இப்படியே காட்டில் விட்டுவிடலாமா? நாம் போய் நன்மை செய்யவேண்டாமா?” என்பார்கள். 1880-ல் ஓர் ஆங்கிலேய அதிகாரி வட சென்டினல் தீவிலிருந்து வயதான இருவரையும் நாலு பிள்ளைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். பெரியவர்கள் இருவரும் நோய்ப்பட்டு இறந்தார்கள். பிள்ளைகளை வெகுமதிகளோடு திருப்பி அனுப்பினார். அத்தீவார் இன்றுவரை ஒருவரையும் கரையேற விடுவதில்லை. 2018 நவம்பரில், வேதம் போதிக்கும் எண்ணத்தோடு சட்டத்தை மீறி அங்கே இறங்கிய அமெரிக்க வாலிபர் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்வோம். ஆயினும் குருவானவனாகிய நான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது: சுவிசேஷத்தைக் கையில் பிடித்திருப்பவனும் வாசலில் நின்று குரல் கொடுக்கவேண்டும். வராதே என்ற சொல்லும் ஒரு பதில்தான்.

ஆகையால் திட்டம் போடும்போது, எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்ற கேள்விகளோடு, “இங்கே நம்மை வாருங்கள் என்றவர் யார்?” என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாவ்லாக்கில் விடுதிக்காரரும் மீன்காரரும் படகுக்காரரும் உங்களை அழைக்கிறார்கள். அங்கே விருந்தாளியாய்ச் சந்தோஷமாய்ப் போங்கள். பேரம் பேசி அவர்கள் வயிற்றில் அடிக்காதீர்கள். அத்தீவுகளில் மழை ஏராளம் பெய்தாலும், நீங்கள் போகும் கோடை மாதங்களில் ஊர்க்காரருக்கே குடிநீர் கஷ்டம். குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்காதீர்கள். பவளத்தைக் கடலிலிருந்து ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள்; அது சட்டப்படியும் குற்றம்.

பாரடாங் குகையைப் பார்த்தே தீரவேண்டுமானால், காட்டைத் தொடாமல் கடல்வழியாய்ப் போகப் படகு உண்டா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒரு நாளை அடித்துவிடுங்கள். ஒரு குகை குறைந்தால் பிரயாணம் குறைந்துபோகாது. தகப்பன் தன் கையால் ஒரு நாளை அடித்து, ஏன் அடித்தேன் என்று பிள்ளைக்குச் சொன்னால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கிடைக்காத ஒரு பாடத்தோடு திரும்பி வரும்.

அந்தக் குடும்பத்தார் இன்னும் என்னிடம் முடிவு சொல்லவில்லை. டிக்கெட் எல்லாம் வாங்கியாயிற்று என்று கேள்வி. நான் வற்புறுத்தவும் இல்லை. அவரவர் மனச்சாட்சி தீர்மானிக்கவேண்டிய காரியம். ஆனால் தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாய் குழந்தையின் தலையை மூடின கையை நான் இன்னும் மறக்கவில்லை. உனக்கு அப்படி ஒரு ஞாபகம் வேண்டாம். போய், கடலை ஆசைதீரப் பார்த்துவிட்டு, சுகமாய்த் திரும்பி வா.

உங்கள் பங்குக்குரு