நாள் பார்த்தாயிற்று, நாடு பார்த்தோமா?

நாகர்கோவிலை அடுத்த சிற்றூர் ஒன்றின் படிப்பகத்தில் நாம் அமர்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், இளந்தோழர் ஒருவர் தம் வீட்டு வழக்கொன்றை நம்மிடம் கொண்டுவந்தார். அவருடைய அண்ணனுக்குப் பெரிய நிக்கோபார்த் தீவில் வேலை கிடைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. அங்கே துறைமுகம் வரப்போகிறது, விமான நிலையம் வரப்போகிறது, நகரமே எழப்போகிறது, முந்திச் செல்பவனுக்கே முதற்பலன் என்று ஆள் சேர்ப்பவர் ஆசை காட்டுகிறார். அண்ணனோ தனியே செல்ல விரும்பவில்லை. மனைவி, பள்ளியில் பயிலும் இரு குழந்தைகள், முதிய தாய் ஆகிய அனைவரையும் அழைத்துக்கொண்டு அங்கேயே குடியேறிவிட எண்ணுகிறார்.

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டோம்.

"அம்மை சோதிடரிடம் போய்வந்தார். கடல் கடக்கும் யோகம் இருக்கிறதாம். நல்ல நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்."

"அண்ணி என்ன சொல்கிறார்?"

தோழர் சற்றுத் திகைத்தார். "அண்ணியைக் கேட்கவில்லை. அண்ணன் போனால் அவரும் போகவேண்டியவர்தானே!" என்றார்.

நாள் பார்த்தாயிற்று! போகப்போகும் நாட்டைப் பார்த்தாரில்லை. கூட வரப்போகும் துணைவியின் முகத்தையும் பார்த்தாரில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்வு ஓலைச்சுவடியின் ஓரத்தில் முடிவுசெய்யப்படுகிறது. தோழர் கேட்டது ஒரு வீட்டின் கேள்விதான். ஆயினும் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் கேள்வியும் அதுவே ஆதலால், அதனை இங்கே ஆராய விழைகிறோம்.

கடல் கடப்பது குற்றமா? குற்றம் என்றது வைதிகம். கடற்செலவு மேற்கொள்வோன் சாதியினின்றும் வீழ்வான் என்று பௌதாயனரின் தரும சூத்திரம் விதித்தது. அந்த விதியைத் தமிழன் பொருட்படுத்தவில்லை. வங்கக் கடலைக் கடந்து 1025இல் படை நடத்திய இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், அவன் கொண்ட இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரம் என்று குறிக்கப்படுவது இந்த நிக்கோபார்த் தீவுகளே. ஆகவே போகாதே என்று தடுக்கும் சாத்திரத்தின் பக்கம் நாம் நிற்கவில்லை.

அதுமட்டுமன்று. நம் குமரி மண்ணில், கடல் கடந்த ஏழைகளின் வரலாறே விடுதலை வரலாற்றின் ஒரு பக்கம். பழைய திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். ஒடுக்கப்பட்ட பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி அரசாணை பெற்றது 1859இல். அந்த நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரினின்றும் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர் பலர். அங்கே அட்டைக்கடி இருந்தது, காய்ச்சல் இருந்தது, கங்காணியின் கொடுமை இருந்தது. ஆயினும் கையிலே காசு கிடைத்தது. அந்தக் காசு ஊர் திரும்பியபோது வீடாயிற்று, நிலமாயிற்று, பிள்ளையின் படிப்பாயிற்று. பிறந்த மண்ணே பெருஞ்சிறையாக இருந்தவனிடம், பிறந்த மண்ணை விட்டுப் போகாதே என்று உபதேசிக்க எவருக்கு உரிமை உண்டு?

எனவே போவதும் பாவமன்று; இருப்பதும் புண்ணியமன்று. எப்படி முடிவு செய்கிறோம் என்பதே அறத்தின் கேள்வி. இதனை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதற்கேள்வி: அறிந்து போகிறோமா?

தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய தேனியர், 1756இல் நிக்கோபாரில் குடியேற்றம் அமைக்க முனைந்தனர். காய்ச்சல் அவர்களைக் கொன்று குவித்தது. பின்னர் 1768இல் மொராவிய சமயத் தொண்டர்கள் நான்கௌரித் தீவுக்குச் சென்றனர். செபத்தில் அவர்கள் குறை வைத்தாரில்லை. ஆயினும் காய்ச்சல் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. மாண்டவர் போக மீந்தவர் 1787இல் வெளியேறினர். 1868இல் தேனிய அரசு தீவுகளின் உரிமையையே ஆங்கிலேயருக்குக் கொடுத்து ஒதுங்கிற்று. கொசுவே காரணம் என்பதை அன்று எவரும் அறியார். அறியாமைக்கு அவர்கள் கொடுத்த விலை உயிர்.

இன்று நாம் அறிவோம். பெரிய நிக்கோபார் நிலநடுக்க அபாயம் மிகுந்த மண்டலத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவின் கடலடியில் நிலம் நடுங்கியபோது, இந்தத் தீவின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது. அதே நாளில் நம் குளச்சலிலும், கொட்டில்பாட்டிலும், மணக்குடியிலும் கடல் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனதை நாம் மறந்தோமில்லை. கடல் இங்கும் கடல்தான். ஆயினும் இங்கே ஓடி ஒதுங்க மேட்டுநிலம் உண்டு, சாலை உண்டு, ஒருமணி நேரத்தில் சென்றடையும் மருத்துவமனை உண்டு. அங்கோ, தலைநகரான போர்ட் பிளேருக்கு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த நகருக்கு, ஐந்நூறு கிலோமீட்டர் கடலைக் கடக்க வேண்டும்.

ஆகவே அண்ணன் கேட்க வேண்டியவை பல. நள்ளிரவில் தாய்க்கு நெஞ்சுவலி வந்தால் எங்கே கொண்டுபோவது? பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள்? கூலி எழுத்தில் உண்டா, வாய்ச்சொல்லில் மட்டுமா? வேலை போனால் திரும்பிவரும் செலவு யாருடையது? சோதிடர் இவற்றில் ஒன்றுக்கேனும் விடை சொன்னாரா? கடல் கடக்கும் யோகம் இருக்கிறது என்றாரே, கடல் புகும் காலத்தில் ஏறி நிற்க மேடு இருக்கிறதா என்று சொன்னாரா?

இரண்டாம் கேள்வி: இசைந்து போகிறோமா?

கேளாமல் ஒருவரை இடம்பெயர்ப்பது எவ்வளவு கொடிது என்பதைத் தமிழன் நன்கறிவான். 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவும் ஒப்பந்தம் செய்தனர். இலங்கை மலையகத்தில் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் தமிழர்; அவர்களுள் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு பார்ப்போம் என்று, தேங்காயைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்டனர். அந்த மக்களைக் கேட்டார்களா? இல்லை! அப்படி வந்தவர்களுள் சில குடும்பங்கள், இதே நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டன. ஒரு தீவில் பிறந்து, மற்றொரு தீவில் இறக்கப்பட்ட மக்கள்! 2004இன் ஆழிப்பேரலையில் கச்சாலில் மட்டும் காணாமற்போனோர் ஆயிரக்கணக்கினர். நம் மாவட்டத்து மலையடிவாரத்தில், அரசு ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கும் மலையகத் தமிழரைக் கேட்டுப் பாருங்கள்; பிறர் எடுத்த முடிவில் வாழ்வது எத்தகையது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

அரசுகள் செய்தால் அநீதி என்கிறோம். அதையே வீட்டுக்குள் கணவன் செய்தால் குடும்பப் பொறுப்பு என்கிறோம்! "அண்ணன் போனால் அண்ணியும் போகவேண்டியவர்தானே" என்னும் சொல்லுக்கும், அந்த ஒப்பந்தத்துக்கும் என்ன வேறுபாடு? தீவில் ஆண்மகனுக்கு வேலை இருக்கும், தோழர்கள் இருப்பார்கள். பெண்ணுக்கோ தாய்வீடு இல்லை, அண்டை வீட்டு அக்காள் இல்லை, மனக்குறை சொல்லி அழ ஒரு தோள் இல்லை. இடர் மிகுதியாக யார்மேல் விழுகிறதோ, அவர் சொல்லுக்கே மதிப்பும் மிகுதியாக இருக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு, வாழ்க்கைத் துணை என்று மேடையில் ஒப்பம் இட்டவன், மூட்டை கட்டும்போது மட்டும் அவரை மூட்டைகளில் ஒன்றாக எண்ணலாமா? குழந்தைகளுக்கு முடிவெடுக்கும் வயதில்லை. ஆகவே அவர்கள் வளர்ந்தபின் திரும்பிவரும் வழி அடையாதபடி காப்பது பெற்றோர் கடமை. இருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவன், தன் பிள்ளைகளின் நாளையையும் சேர்த்து விற்கிறான்.

மூன்றாம் கேள்வி: யார் நிலத்துக்குப் போகிறோம்?

இதுவே நம்மை உறுத்தும் கேள்வி. பெரிய நிக்கோபார் வெற்றிடமன்று. காட்டிலே சோம்பென் மக்கள் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். கடற்கரையில் நிக்கோபார் மக்கள் வாழ்ந்தனர். ஆழிப்பேரலை ஊர்களை அழித்தபின் அரசு முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். தம் பழைய ஊர்களுக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டு வருகின்றனர். 1969 முதல், தமிழர் உட்படப் பல மாநிலத்து முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கீழைக் கரையில் குடியேற்றப்பட்டன. 2011இல் தீவின் மக்கள்தொகை மொத்தமே எண்ணாயிரம் அளவுதான். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் இசைவு பெற்ற திட்டமோ, 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்து, முப்பது ஆண்டுகளில் மூன்றரை இலட்சம் பேரை அங்கே குடியமர்த்தக் கருதுகிறது. முதலில் இசைவு தந்த பழங்குடி மன்றம், அதே நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. முழுதும் அறியாமல் தந்த இசைவு இசைவாகாது என்பது அண்ணிக்குப் பொருந்தும் நீதி. அம்மக்களுக்கும் பொருந்தும் நீதி.

வந்தேறிகள் நம் நிலத்தையும், மொழியையும், மானத்தையும் பறித்தனர் என்று பேசியும் எழுதியும் வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தீவில் வந்தேறி யார்? 229 பேர் நடுவே மூன்றரை இலட்சம் பேர் வந்திறங்கினால், அந்த 229 பேர் நம்மைப் பற்றி எதை எழுதுவார்கள்? மாநக்கவாரம் வென்ற சோழனைப் பெருமையாகப் பேசுகிறோமே, வெல்லப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று ஒருநாளேனும் எண்ணினோமா? நமக்கொரு நீதி, நம்மினும் எளியவருக்கு மற்றொரு நீதி என்றால், அதற்குப் பெயர் பகுத்தறிவன்று, அது மனுநீதி!

"நாம் போகாவிட்டால் வேறொருவன் போவான், காடு எப்படியும் போகும்" என்றார் தோழர். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அதையேதான் சொல்லியிருப்பான்: நான் பிரம்பெடுக்காவிட்டால் வேறொருவன் எடுப்பான் என்று. வேறொருவன் செய்வான் என்பது, நாம் செய்யலாம் என்பதற்குச் சான்றாகாது.

அதற்காக, வயிற்றுக்கு வழிதேடும் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் முன்வரவில்லை. திட்டம் தீட்டியவன் அவனல்லன். வேலையில்லாமல் அவனை அலையவிட்ட சமுதாயத்துக்குப் பழியில் முதற்பங்கு உண்டு. ஆயினும் பழி குறைவு என்பதால் பொறுப்பே இல்லை என்றாகிவிடாது. முன்னரே குடியேறிய ஊர்களில் ஆசிரியராக, மருத்துவப் பணியாளராக, கைத்தொழிலாளராகச் சென்று, அங்குள்ளோர்க்குப் பயன்பட்டுக் கூலி பெறுவது ஒன்று. பிறர் காட்டை அழித்து எழும் நகரில் மனை வாங்கிக் குடியேறுவது மற்றொன்று. முன்னதற்குத் தடை சொல்ல மாட்டோம். பின்னதற்கு, கேட்டவர் நம் உடன்பிறந்தாரே ஆயினும், வேண்டாம் என்றே சொல்வோம்.

தோழருக்கு நாம் கூறிய மறுமொழி இதுதான். குறித்த நாளைக் கிழித்தெறியுங்கள். அண்ணனும் அண்ணியும் ஒருநாள் முழுதும் உட்கார்ந்து பேசட்டும். அண்ணி வேண்டாம் என்றால், அந்தச் சொல்லோடு குடும்பம் பெயரும் பேச்சு முடியட்டும். எந்த வேலை, யார் நிலத்தில் என்பதை அண்ணன் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். அது தக்க வேலையாக இருப்பின், முதலில் அவர் தனியே சென்று ஓர் ஆண்டு இருந்து, மழைக்காலத்தையும் கண்டு, உள்ளதை உள்ளபடி வீட்டுக்கு எழுதட்டும். இங்குள்ள வீட்டை விற்க வேண்டாம்.

தோழர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அம்மையிடம் சொல்வதுதான் கடினம்" என்றார். உண்மைதான். சோதிடருக்கு அஞ்சுபவரிடமும் கனிவோடு எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். "முதலில் அண்ணியைக் கேட்கிறேன்" என்று சொல்லி எழுந்து போனார். அந்த வீட்டில் அன்றிரவுதான் அந்தக் கேள்வி முதன்முறையாகக் கேட்கப்பட்டிருக்கும். நம் வீடுகளில் எத்தனை வீடுகள் இன்னும் அதைக் கேளாமல் இருக்கின்றன என்பதை, இதைப் படிக்கும் தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.