கட்டைவிரல் கேட்ட குரு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஏகலைவன் கூத்துப் போட்டால், துரோணர் கட்டைவிரல் கேட்கும் இடத்தில் பெண்கள் அவரை வாய்விட்டே ஏசுவார்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ் பக்கம் பால்மரம் வெட்டிப் பிழைத்த ஜனங்கள் அவர்கள். கட்டைவிரல் போனால் உளிக்கத்தி பிடிக்க முடியாது. செனவாங்கில் சில்லு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் காட்சி ஒரு தர்மக் கேள்வியாகவே நிற்கிறது: சேர்க்க மறுத்தவருக்கும் தட்சணை உண்டா?

சில்லு உலகத்திலும் இதே கேள்வி எழுகிறது. ஒவ்வொரு கணினிச் செயலிக்கும் தனக்குப் புரிகிற கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. வேறொரு செயலியில் மென்பொருள் எழுதி, அதே கட்டளைகளுக்கு அதே விடையை வரவழைக்கலாம். எமுலேஷன் என்பது இதுதான். உள்ளிருக்கும் சுற்றுகளை யாரும் தொடுவதில்லை. நடத்தையைப் பார்த்துப் பழகுகிறார்கள். துரோணரின் மண்சிலை முன்னால் தானே வில் பயின்ற ஏகலைவன் செய்ததும் இதையே.

1999-இல் அமெரிக்காவில் மிப்ஸ் நிறுவனம் லெக்ஸ்ரா என்ற சிறிய நிறுவனத்தின்மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. நினைவகத்தில் வரிசை பிசகிக் கிடக்கும் தரவை எடுக்கவும் வைக்கவுமான நான்கு கட்டளைகள்தான் விவகாரம். லெக்ஸ்ரா அவற்றைத் தன் சில்லில் சேர்க்கவே இல்லை. ஆனால் மென்பொருள் வேறு கட்டளைகளைக் கோத்து அந்த வேலையை முடித்துவிட முடியும். அதுவும் மீறல்தான் என்றது மிப்ஸ். 2001-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. லெக்ஸ்ரா சொந்தச் செயலி வடிவமைப்புகளை விற்பதை விட்டது. 2006-இல் அந்தக் காப்புரிமையே காலாவதியானது. 2017-இல் இன்டெலும், தன் எக்ஸ்86 கட்டளைகளை அனுமதியின்றி எமுலேட் செய்ய நினைப்பவர்களை எச்சரித்தது.

உழைத்துக் கண்டுபிடித்தவருக்குக் கூலி வேண்டாமா என்றால், வேண்டும். காப்புரிமை ஓர் ஒப்பந்தம்: வித்தையை ஊரறியச் சொல், இருபது ஆண்டு அதன் பலனை நீயே அனுபவி. மறைத்து வைக்கும் குருவைவிட இது மேல். குரு திருக்கோட்டியூர் நம்பி மறைக்கச் சொல்லித் தந்த எட்டெழுத்து மந்திரத்தை, நரகம் எனக்கே வரட்டும் என்று இராமானுசர் எல்லோருக்கும் சொன்னதாக வைணவ மரபு கொண்டாடுகிறது. இராமானுசராவது பாடம் கேட்டவர், வாக்குக்குக் கட்டுப்பட்டவர். ஏகலைவனுக்குப் பாடமும் இல்லை, வாக்கும் இல்லை. அவன் கடன் நன்றியோடு தீர்ந்துவிடுகிறது.

எங்கள் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களே பிறரிடமிருந்து எடுத்த வித்தில் எழுந்தவை. 1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அந்த வழி வந்த மரங்களுக்காகத்தான் எங்கள் தாத்தாக்கள் கப்பலேறினார்கள். பிரேசிலுக்கு யாரும் உரிமக் கட்டணம் கட்டவில்லை. வலியவர் எடுத்தால் வணிகம், எளியவர் பழகினால் திருட்டு என்பது தர்மம் ஆகாது.

2025 மார்ச்சில் மலேசியா, பத்தாண்டுகளில் சில்லு வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்துக்கு 25 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சில்லு வடிவமைப்புகளும் 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியும் பதிலாகக் கிடைக்கும். கற்றுத் தருகிறவருக்குக் கொடுப்பது முறையான தட்சணை. அதில் எனக்குக் குறையில்லை.

பார்த்துப் பழகும் உரிமையையே விலையாகக் கேட்பவருக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. 2010-இல் பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதிக்கு உரிமக் கட்டணம் கிடையாது. சென்னை ஐஐடி தன் சக்தி செயலியை அதன்மேல்தான் கட்டியது. தோட்டத்திலிருந்து மின்னணுவியல் படிக்கப் போகும் பிள்ளைகளே, முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.