மகளுக்கு எந்தப் பூமி?

டெக்சாஸில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், 'இனி வரமாட்டாள்' என்று பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமக்களாக இருக்கக் கற்பது ஆகிய ஐந்து பாடங்கள் மட்டும் கட்டாயம். 1994இல் மாநில உச்ச நீதிமன்றமே உறுதி செய்த ஏற்பாடு இது. பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அறிவியல் இல்லை. அரசுத் தேர்வும் கிடையாது, ஆய்வாளர் என்று யாரும் வந்து கதவைத் தட்டப்போவதும் இல்லை.

ஆக, ஹூஸ்டனில் இருக்கும் என் பன்னிரண்டு வயது மகளுக்குப் பூமியின் வயது என்ன என்பதை நானும் என் மனைவியும்தான் முடிவு செய்ய வேண்டும். அவளை வீட்டில் படிக்க வைப்பதற்கான காரணங்கள் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இந்த ஆண்டு புவி அறிவியல். புத்தகம் வாங்க உட்கார்ந்தபோதுதான் இந்தச் சுதந்திரத்தின் எடை புரிந்தது.

அமெரிக்க ஹோம்ஸ்கூல் சந்தையில் புவி அறிவியல் புத்தகங்கள் ஏறக்குறைய மூன்று வகை. முதல் வகையில் பூமிக்கு வயது சுமார் ஆறாயிரம் ஆண்டுகள். பாறை அடுக்குகள் நோவாவின் வெள்ளத்தில் படிந்தவை. இரண்டாம் வகையில் 454 கோடி ஆண்டுகள். மூன்றாம் வகைக்கு 'நடுநிலை' என்று பெயர். எரிமலை உண்டு, நிலநடுக்கம் உண்டு, கனிமங்களுக்கு அழகான வண்ணப்படங்கள் உண்டு. வயது மட்டும் எங்கும் இருக்காது. எந்தக் குடும்பமும் கோபப்படக் கூடாது என்பதற்காகப் பூமியின் பிறந்த தேதியை அழித்துவிட்டு அதன் வாழ்க்கை வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். எனக்கு முதல் வகையைவிட இதுதான் சங்கடமாக இருந்தது. முதல் வகைக்காரர் தான் நம்புவதை முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அவரோடு வாதாடலாம். சொல்லாமல் விட்டதோடு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி வாதாடும்?

நாங்கள் சில பெற்றோர்கள் வாரம் ஒருநாள் சேர்ந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். அங்கே ஓர் அம்மா, நான்கு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்து ஆளாக்கியவர், முதல் வகைப் புத்தகம்தான் வைத்திருக்கிறார். நல்ல மனுஷி. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நான் என் நம்பிக்கையைக் கற்றுத் தருகிறேன், நீங்கள் உங்களுடையதை. இதில் என்ன வித்தியாசம்?"

சட்டென்று பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் சட்டென்று சொல்லும் பதில்கள் நிற்பதில்லை.

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது, அது எங்கள் சமய வாழ்க்கைக்கு எதிரானது என்று விஸ்கான்சினின் அமிஷ் பெற்றோர்கள் வாதிட்டு வென்றார்கள். அதில் நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். பெற்றோரின் உரிமை, அரசின் உரிமை என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பிள்ளைகளை யாராவது கேட்டீர்களா என்பது அவருடைய ஆதங்கம். இதை ஒட்டித்தான் 1980இல் ஜோயல் ஃபைன்பெர்க் என்ற தத்துவவாதி, பிள்ளைகளுக்குத் 'திறந்த எதிர்காலத்துக்கான உரிமை' உண்டு என்று எழுதினார். பிள்ளை வளர்ந்தபின் தானே எடுக்க வேண்டிய முடிவுகளை இப்போதே நாம் எடுத்துக் கதவைச் சாத்திவிடக் கூடாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தப் பெற்றோரால் எல்லாக் கதவையும் திறந்து வைக்க முடியும்? தமிழ் சொல்லிக் கொடுத்த நேரம் பியானோவுக்கான நேரம் இல்லை. பிள்ளை வளர்ப்பு என்பதே சில கதவுகளைச் சாத்துவதுதான். எனவே அந்த அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது.

பதிலைத் தேட எனக்கு உதவியவர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயதை முதன்முதலில் சரியாகச் சொன்னவர். யுரேனியம் ஒரு நிலையான வேகத்தில் மெல்ல மெல்ல ஈயமாகிறது. ஆகவே ஈயத்தின் வகைகளை அளந்தால் காலத்தைக் கணக்கிடலாம். பேட்டர்சனுக்கு ஒரே தொல்லை: இருக்க வேண்டியதைவிட ஈயம் எப்போதும் அதிகமாகவே வந்தது. காற்றிலும் தூசியிலும் கலந்திருந்த ஈயம் மாதிரிகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஆய்வகத்தையே துடைத்துத் துடைத்துப் பல வருடங்கள் போயின. அரிசோனாவில் விழுந்த விண்கல் உட்படச் சில விண்கற்களை அளந்து, 1956இல் அவர் எழுதினார்: 455 கோடி ஆண்டுகள், ஏழு கோடி கூடவோ குறையவோ இருக்கலாம். இன்றைக்கும் அந்த எண் பெரிதாக நகரவில்லை.

அந்த 'ஏழு கோடி கூடவோ குறையவோ' என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். தான் எவ்வளவு தூரம் தவறாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லும் எண் அது. நம்மூர்ப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஸ்டெப் மார்க் தெரியும். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாவிட்டால் முழு மதிப்பெண் கிடையாது. வழிமுறை இருந்தால், எங்கே பிசகியது என்று இன்னொருவர் கண்டுபிடிக்கலாம். என் மகள் ஐசோடோப்பை அளக்கப் போவதில்லை. அவளும் நம்பத்தான் போகிறாள். ஆனால் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எல்லோரும் பிரித்துப் படிப்பதில்லை. வேண்டுமென்றால் படிக்கலாம் என்பதால்தான் நம்புகிறோம். நாளைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய நம்பிக்கையைத் தருவதும், திரும்பப் பெற்றால் பாவம் என்று சொல்லித் தருவதும் ஒன்றல்ல. அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன்.

அவரும் விடவில்லை. "உங்களுக்குப் பிடித்த ஒன்றை அந்த வழிமுறை உடைத்தால் அப்போதும் இப்படித்தான் பேசுவீர்களா?"

இங்கேதான் விஷயம் வீட்டுக்குள் வருகிறது.

டெக்சாஸில் க்ளென் ரோஸ் என்று ஓர் ஊர். பலக்ஸி ஆற்றின் படுகையில் சுமார் 11 கோடி ஆண்டுகள் பழைய டைனோசர் காலடிகள் இருக்கின்றன. அவற்றோடு மனிதக் காலடிகளும் இருப்பதாக, ஆகவே இரண்டும் ஒன்றாக வாழ்ந்ததாகப் பல காலம் சொல்லப்பட்டது. குதிகால் அழுந்த நடந்த டைனோசரின் தடத்தில் விரல் பள்ளங்களைச் சேறு மூடிவிட்டால், மிச்சம் பெரிய மனிதப் பாதம் போலத் தெரியும். 1980களில் இது விளக்கப்பட்டதும், இளம் பூமியை நம்பியவர்களிலேயே பலர் அந்த ஆதாரத்தைக் கைவிட்டார்கள். தமக்குச் சாதகமான ஒன்றைத் தாமே கீழே வைப்பது லேசான காரியமில்லை.

நாங்கள் கீழே வைத்திருக்கிறோமா? ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் வருடம் ஒருமுறையாவது ஒரு செய்தி வரும்: பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள், விஞ்ஞானி சொல்வது 454 கோடி, முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள். ஆறாயிரம் ஆண்டுகளைக் கேட்டுச் சிரிக்கும் அதே கைகள் இதைப் பகிர்கின்றன. விடை பக்கத்தில் வந்திருக்கிறது, ஸ்டெப் எங்கே?

அதுகூடப் பரவாயில்லை. என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வீடியோ காலில் பேத்திக்குக் குமரிக்கண்டம் சொல்கிறார். கடல் கொண்ட ஊர்கள், ஆறுகள், மலைகள், முதற்சங்கம். அவர் சொல்லும்போது குரலே வேறாகிவிடும். மகள் தட்டுகள் நகர்வதைப் படித்தால் அடுத்த கேள்வி வந்துதான் தீரும். மடகாஸ்கரில் லெமூர், தென்னிந்தியாவில் அதன் உறவான தேவாங்கு. இந்த ஒற்றுமையை விளக்கத்தான் 1864இல் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மூழ்கிய நிலம் ஒன்றை ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்று 1960களில் தெளிவானபின் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனது. இந்தியப் பெருங்கடலின் தரையிலும் அப்படியொரு கண்டம் இல்லை.

மாதிரி அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவள் கேட்டேவிட்டாள்: "அப்போ தாத்தா பொய் சொல்றாராப்பா?"

'நடுநிலை' புத்தகம் ஏன் விற்கிறது என்று அந்த நொடியில் புரிந்தது. அந்தக் கேள்வியே வராமல் பார்த்துக்கொள்ளும் புத்தகம் அது.

இல்லை என்றேன். தாத்தா தனக்குச் சொல்லித் தந்ததைச் சொல்கிறார். ஸ்க்லேட்டரும் பொய் சொல்லவில்லை. கையிலிருந்த தடயத்துக்கு அவருக்குத் தோன்றிய விடை அது. பனியுகத்தில் கடல் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம், பிறகு கடல் ஏறி நிலத்தைத் தின்றது, அதெல்லாம் நிஜம். ஆனால் கண்டம் ஒன்று இருந்தது என்பது நிஜமில்லை. "இதை தாத்தாகிட்ட நான் சொல்லலாமா?" என்றாள். சொல்லலாம் என்றேன். சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவள் சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் சிறுவனாக இருந்தபோது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமியில் சங்கு மாதிரிக் கல் பொறுக்கியதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது டைனோசர் காலத்துக் கடல், தாத்தா நின்ற இடமே கடல்தான் என்று இவள் சொல்ல, அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். சமாதானமாகிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. குமரிக்கண்டத்தை அவர் விட்டுவிடவும் இல்லை.

இரண்டாம் வகைப் புத்தகத்தைத்தான் வாங்கினோம். அதிலும் ஒன்றை ஒதுக்கினோம். 454 கோடி என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு பத்திகூட ஒதுக்காத புத்தகம் அது. நடுநிலைப் புத்தகத்துக்கு அது எதிர்ப்பக்கத்து அண்ணன்.

இன்னும் ஒன்று பாக்கி. எண்ணெய் தோண்டும் கம்பெனிகளுக்கான மென்பொருள் எழுதுவது என் வேலை. திரையில் பாறை அடுக்குகளுக்கு யுகவாரியாக நிறம் கொடுக்கும் பகுதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆறாயிரம் ஆண்டுக் கணக்கை வைத்து யாரும் கிணறு தோண்டுவதில்லை. பூமியின் பழமையைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் தேவைப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த உண்மை எனக்குச் சம்பளம் தருகிறது. பேட்டர்சனோ தன் மாதிரிகளைக் கெடுத்த ஈயத்தைப் பின்தொடர்ந்துபோய், அது பெட்ரோலில் கலந்த ஈயம் என்று சொல்லி, ஒரு பெரிய தொழிலையே பகைத்துக்கொண்டார்.

நாங்கள் வாங்கிய புத்தகத்தில் மொத்தம் 36 வாரப் பாடங்கள். 31ஆவது வாரம் புவி வெப்பமடைதல். அந்த அத்தியாயத்தை நான் முன்கூட்டியே படித்துவிட்டேன். வழிமுறை, தடயம், பிழை வரம்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தாத்தாவைக் கேட்ட அதே குரலில் அவள் என்னைக் கேட்பாள், நம்ம வீட்டு வாடகை எங்கிருந்து வருதுப்பா என்று. அந்த வாரத்தைத் தாண்டிப் போய்விட எந்தச் சட்டமும் என்னைத் தடுக்காது. தாண்டப் போவதில்லை என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.