ஈயின் குற்றம் யாது?

வட அமெரிக்காவில் மில்க்வீட் என வழங்கும் பாற்செடி நம்மூர் எருக்கலைக்கு உறவானது. மொனாக் வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையையே உண்டு வளர்கிறது. அருகிவரும் அவ்வண்ணத்துப்பூச்சியைக் காக்க விரும்பும் பலர் தம் தோட்டங்களில் இச்செடியை நட்டு, நாள்தோறும் இலைகளைப் புரட்டிப் பார்க்கின்றனர். புழுவைத் தேடிவரும் ஈக்களையும் பிற பூச்சிகளையும் நசுக்கிவிடுவோரும் அவர்களுள் உளர். இச்செயல் அறமாகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

செடியை ஊன்றி நோக்குவோர் அங்கு குற்றமற்றதொன்றைக் காண்பது அரிது. புழுவுக்கு முதற்பகை செடியே. முட்டையினின்று வெளிவந்த சின்னஞ்சிறு புழுக்கள் பல, இலையைக் கடித்ததும் கசியும் பாலில் ஒட்டுண்டு மடிகின்றன. தப்பி வளர்ந்தவை இலைக்காம்பைக் கடித்துப் பாலோட்டத்தைத் தடுத்த பின்னரே உண்ணத் தொடங்குகின்றன. அச்செடியின் நஞ்சையே உடலிற் சேர்த்துப் பெரும்பாலான பறவைகளிடமிருந்து தம்மைக் காத்தும் கொள்கின்றன. நாம் இரங்கும் இதே புழு, வழியில் எதிர்ப்படும் தன்னினத்து முட்டையையும் தின்றுவிடும்! தக்கினிட் ஈ செய்வது இன்னும் கொடிதாகத் தோன்றும். அது புழுவின் உடலில் முட்டையிடும். குடம்பிகள் உள்ளிருந்தே உண்டு வளர்ந்து, ஈற்றில் வெண்ணிற இழைகளில் தொங்கி நிலத்தில் இறங்கும்.

இத்தகைய காட்சியே டார்வினையும் கலக்கியது. உயிருள்ள புழுவினுள் இருந்து உண்ணும் குளவியினத்தைக் கருணைமிக்க இறைவன் வேண்டுமென்றே படைத்திருப்பான் என நம்பத் தம்மால் இயலவில்லை என 1860இல் அவர் ஆசா கிரேக்கு எழுதினார். இறைவன்மீது சுமத்தத் தயங்கும் பழியை ஈமீது சுமத்த நாம் தயங்குவதில்லை.

மொனாக் அருகிவருவதால் ஈயைக் கொல்லுதல் தகும் என்பர். வலுவான வாதமே. ஆயின் அருகியது எதனால்? களைகொல்லியைத் தாங்கும் சோயா 1996இல் புகுத்தப்பட்டு, சோளமும் அதனைத் தொடர்ந்தபின், ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்கு வயல்களில் பாற்செடி பெரிதும் அழிந்தது. குளிர்காலத்தை அவை கழிக்கும் மெக்சிக்கோ மலைக்காடுகளும் வெட்டப்பட்டன. இவற்றுள் எதுவும் ஈயின் செயலன்று. மொனாக் கோடிக்கணக்கிற் பறந்த காலத்திலும் ஈ இருந்தது. செடியை நடுவது நாம் பட்ட கடனைத் தீர்ப்பது. ஈயை நசுக்குவதோ அக்கடனைப் பிறிதோர் உயிரின் தலையிற் கட்டுவது.

அவ்வாறாயின், ஈ வந்தமரும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? ஆம் என்பதே என் கருத்து. இன்னுஞ் சில செடிகளை நடலாம்.