காப்போ, தளையோ?

யாழ்ப்பாணக் கடனீரேரியில் வாழும் நண்டின் ஓடு கைற்றினாலும் கல்சியம் காபனேற்றாலும் இறுகியது. பகையினின்றும் உடலைக் காக்கும் அவ்வோடு உடலோடு வளர்வதில்லை. ஆதலின் நண்டு, பழைய ஓட்டின் கீழே மென்மையான புதிய ஓட்டை ஆக்கிக்கொண்ட பின்னரே பழையதைக் கழற்றுகின்றது. புதிய ஓடு இறுகும்வரை அதற்குக் காப்பில்லை. எனினும் உடல் பெருப்பது அவ்வேளையிலேதான்.

சமுதாய வழக்கங்களும் காப்பெனவே போற்றப்படுகின்றன. அவற்றைக் களைந்தால் ஒழுங்கு குலையும் என்னும் அச்சம் முற்றும் பொய்யன்று; மாறும் வேளை இடர் நிறைந்ததே. ஆயின், 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் ஆலயப் பிரவேசம் கோரி நின்றோர்க்கு வழக்கம் காப்பாக இருந்ததா? ஒரு சாராரின் காப்பு மறு சாரார்க்குத் தளையாயிற்று.

நண்டு உவமை இவ்வளவில் நிற்க. ஓடு இறுகி நெருக்கினால் வருந்துவது அதனை அணிந்த நண்டே. சாதி வழக்கம் இறுகினாலோ, வருந்துவோர் அதனால் யாதொரு காப்பும் பெறாதோர். மேலும், நண்டு ஓடு கழற்றுவது இயற்கையின் ஏவல். மனிதன் வழக்கத்தைக் களைவது தன் தேர்வு. தேர்வு உள்ள இடத்திலேயே பொறுப்பும் உண்டு. ஆகவே, கழற்றுவதால் நேரும் இடர் யாது என்று வினவுமுன், கழற்றாமையின் துன்பத்தைச் சுமப்பவர் யாவர் என்று வினவுதலே அறம்.